இந்த வயசிலும்

போன மார்கழியில் தில்லை நகரில் ஒரு மாடி அறையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்பது நாற்காலி, பதினேழு பேர். என் சிறுகதை ஒன்றைப் பற்றிப் பேசும் கூட்டம் என்றுதான் அழைத்திருந்தார்கள். நாலு பேர் பேசினார்கள், நாலு பேரும் என் வயதைச் சொன்னார்கள். அறுபத்திரண்டு. ஒருத்தர் அதை இரண்டு தடவை சொன்னார், இரண்டாவது தடவை கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். கிடைத்தது.

"ரிட்டயர் ஆனா கோயில் குளம்னு போவாங்க, இல்ல பேரனைப் பாத்துக்கிட்டு சீரியல் பாப்பாங்க. இந்த வயசிலும் மேடம் பேனாவைக் கையில எடுத்திருக்காங்க பாருங்க." தலைமை தாங்கியவர் முத்தாய்ப்பாகச் சொன்னது: "இத்தனை வருஷம் இவங்களுக்குள்ள ஒளிஞ்சிருந்த திறமை."

கதையில் செத்துப்போனவன் மேஜை டிராயரிலிருந்து ஒரு விண்ணப்பம் கிடைக்கிறதே, அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. படித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம். சமோசா நன்றாக இருந்தது.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். கதையும் அப்படித்தான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களில் பெரும்பாலானவர்களுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. உங்களிடம்தான் சண்டை போட வந்திருக்கிறேன். அந்த மாடி அறையில் பேசிய நாலு பேரில் மூன்று பேர் முப்பதுக்குக் கீழே. கைதட்டியவர்களும் நீங்கள்தான்.

முதலில் அந்த "ஒளிந்திருந்த திறமை". நகை தொலைந்து பீரோவுக்கு அடியில் கிடைத்த மாதிரி பேசுகிறீர்கள். அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. 34 வருடம் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு பேர் இருந்தது. லீவ் லெட்டர் அக்கா. யாருக்கு அவசரமாக லீவ் வேண்டுமென்றாலும், எவ்வளவு பொய்யான காரணமாக இருந்தாலும், என்னிடம் வருவார்கள். "அக்கா, மூணு நாள் வேணும்கா. மச்சினன் கல்யாணம்னா சார் தர மாட்டாரு."

நான் எழுதிக் கொடுத்தால் லீவ் கிடைக்கும். ஏன் கிடைத்தது என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது தெரிகிறது. "தாயாருக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்று நான் எழுத மாட்டேன். "நேற்று இரவு இரண்டு மணிக்கு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, காலைவரை யாரையும் கூப்பிடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்" என்று எழுதுவேன். அந்தக் "காலைவரை யாரையும் கூப்பிடாமல்" இருக்கிறதே, அதைப் படித்த அதிகாரிக்குத் தன் அம்மா ஞாபகம் வந்துவிடும். கையெழுத்துப் போட்டுவிடுவார். (நேர்மையா என்று கேட்டால், இல்லை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இப்போது பொய்யைக் கதை என்று அறிவித்துவிட்டு எழுதுகிறேன்.)

முப்பத்திச் சொச்சம் வருடம் என் பிரிவே அதைப் பார்த்தது. லீவ் எடுத்தவர்கள், லீவ் கொடுத்தவர்கள், டெஸ்பாட்ச்சில் இருந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். "அக்கா நீங்க கதை எழுதலாமே" என்று ஒருத்தர் சொன்னதில்லை. எனக்கே தோன்றியதில்லை. அது வேலைக்கு ஆகிற சாமர்த்தியம், அவ்வளவுதான். ரிட்டயர் ஆன மறு வாரம், எழுதிக் கொடுக்க ஆள் யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில், யாருடையதும் இல்லாத ஒரு லீவ் லெட்டர் எழுதினேன். அது நாலு பக்கம் போனது. அதுதான் முதல் கதை.

என் அம்மா விஷயம் இன்னும் மோசம். எட்டாவது வரை படித்தவள். அடையவளஞ்சான் வீதியில் எங்கள் பழைய வீட்டு அடுக்களையில் ஆணியில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு எழுத. கட்டத்துக்குள் "அரை", "முக்கால்", "இல்லை" என்று பென்சிலில் எழுதுவாள். அவள் இறந்த பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது சுருட்டி வைத்த காலண்டர்கள் கிடைத்தன. புத்தகத்துக்கு அட்டை போட எடுத்து வைத்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். பால் கணக்குக்குக் கீழே, அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற அளவுக்கு, அங்கங்கே ஒன்றிரண்டு வரி.

"கரண்ட் இல்லை. இவர் பேசினார்."

"எதிர் வீட்டில் கோலத்தை மூன்று முறை அழித்துப் போட்டாள்."

"பால்காரர் வரவில்லை. பையன் வந்தான். மொட்டை அடித்திருந்தான்."

அந்த மூன்றாவதை வாசித்துவிட்டுப் பரணிலிருந்து இறங்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் கட்டத்தில் "அரை" என்று மட்டும் இருக்கிறது. பையன் பால் ஊற்ற ஆரம்பித்துவிட்டான். நான் முப்பது பக்கம் எழுதினாலும் இந்த இடத்துக்கு வர மாட்டேன்.

இதையா ஒளிந்திருந்தது என்கிறீர்கள்? ஒரு நாளைக்கு இருபது தடவை நாங்கள் அந்தக் காலண்டர் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்திருக்கிறோம். அப்பா அமாவாசை பார்த்தார், நான் பரீட்சைத் தேதி பார்த்தேன், தம்பி கிரிக்கெட் மேட்ச் தேதியை வட்டமிட்டான். எழுத்து கண் மட்டத்தில் தொங்கியது. படிக்க ஆள் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். தாமதமாக எழுத வருகிறவர்களுக்கு இல்லாமல் இருந்தது திறமை இல்லை, வாசகர். ஒரே ஒரு வாசகர். "இது என்ன, இன்னும் இருக்கா, கொடு பாக்கலாம்" என்று கேட்கிற ஒரு ஆள். அறுபது வயதில் அப்படி ஒரு ஆள் கிடைப்பார் என்று நம்பி உங்கள் கூட்டத்துக்கு வந்தால், நீங்கள் பொன்னாடையைப் போர்த்தி மறுபடி படிக்காமல் விடுகிறீர்கள். என் அப்பாவாவது படிக்காமல் இருந்ததற்குக் கைதட்டிக்கொள்ளவில்லை.

ஸ்ரீரங்கத்திலேயே இன்னொரு அடுக்களையிலிருந்து வந்த எழுத்து உண்டு. குமுதினி என்ற பெயரில் எழுதிய ரங்கநாயகி. 1905-இல் பிறந்தவர், இந்த ஊரில் ஆசாரமான ஒரு பெரிய குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர், காது சரியாகக் கேட்காது. 1930களில் ஆனந்த விகடனில் எழுதினார். சீதை அயோத்தி அரண்மனையிலிருந்து தன் அம்மாவுக்குப் புடவை பற்றிக் கடிதம் எழுதுகிற மாதிரி ஒன்று. என்ன நிறத்தில் அனுப்ப வேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வனவாசம் வந்துவிட, புடவையே வேண்டாம் என்று ஆகிவிடும். ராமாயணத்தின் பெரிய திருப்பத்தைப் புடவைப் பிரச்சினையாகப் பார்க்கிற தைரியம் ஒரு பெண்ணுக்கு அடுக்களையில் நின்றால்தான் வரும். அவர் எழுதியபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது, தாமதம் ஒன்றும் இல்லை. வித்தியாசம், அவர் எழுதியதை வாங்கிப் போட ஒரு பத்திரிகை இருந்தது. அடுத்த வாரம் எதிர்பார்க்கிற வாசகர்கள் இருந்தார்கள். என் அம்மாவுக்குக் காலண்டர் கட்டம் இருந்தது.

உடனே நீங்கள் சுஜாதாவைக் கொண்டுவருவீர்கள். ஸ்ரீரங்கம் என்று சொன்னாலே எல்லாரும் கொண்டுவருகிறார்கள், நானும் தப்பவில்லை. பதினெட்டு வயதில், 1953-இல், திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி'யில் முதல் கதை வந்துவிட்டது, எழுத்து என்றால் அப்படி மீசை முளைக்கும்போதே முளைக்க வேண்டும் என்பீர்கள். சரி. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் சுஜாதாவை எதற்காக மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம்? கணேஷ், வசந்துக்காகவா? 'ஸ்ரீரங்கத்து தேவதைக'ளுக்காக. கீழச் சித்திரை வீதியும் திண்ணையும் கிரிக்கெட்டும் பாட்டியும் வருகிற அந்தக் கதைகளை அவர் இங்கே இருந்தபோது எழுதவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு, பெங்களூரில் மின்னணு நிறுவன வேலையில் இருந்துகொண்டு எழுதினார். நடுவில் எத்தனை நாவல், எத்தனை தொடர்கதை! அத்தனை எழுதிப் பழகிய கைக்கே தன் தெருவை எழுத அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. பதினெட்டில் தொடங்கியவருக்கே அப்படி என்றால் ஐம்பத்தெட்டில் தொடங்கியவளைப் பார்த்து வாயைப் பிளப்பானேன்?

இதை விடத் தெளிவான கணக்கு இடைசெவலில் இருக்கிறது. கணக்குப் பிரிவுக்காரி என்பதால் கணக்காகவே சொல்கிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் அந்த ஒரே ஊரில், 1923-ஐ ஒட்டி இரண்டு பையன்கள் பிறக்கிறார்கள், சிநேகிதர்களாக வளர்கிறார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி. இருபதுகளிலேயே எழுதத் தொடங்கி, தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகள் சிலவற்றை எழுதிவிட்டு, 1970-இல் நாற்பத்தாறு வயதில் இறந்துபோகிறார். மற்றவர் கி. ராஜநாராயணன். காசநோய், விவசாயம், கம்யூனிஸ்ட் கட்சி, சிறை என்று வாழ்க்கை ஓடுகிறது. 'மாயமான்' 1958-இல் 'சரஸ்வதி'யில் வரும்போது வயது முப்பத்தைந்து. 'கோபல்ல கிராமம்' 1976-இல் வரும்போது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. நண்பர் செத்து ஆறு வருடம். அழகிரிசாமியின் ஆயுளே கி.ரா.வுக்கும் இருந்திருந்தால் நமக்குக் 'கோபல்ல கிராமம்' கிடையாது. 1991-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற 'கோபல்லபுரத்து மக்கள்' கிடையாது. பள்ளிக்கூடத்தை முடிக்காத மனிதர் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துக்கொண்டு பேராசிரியராக உட்கார்ந்த காட்சியும் கிடையாது. 2021-இல் அவர் போகும்போது தொண்ணூற்றி எட்டு வயது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆயுள் அல்ல. கி.ரா. எழுதாமல் இருந்த அந்த முப்பத்தைந்து வருடமும் அவருக்கு அழகிரிசாமி இருந்தார். கடிதம் இருந்தது. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. படிக்கிற, கேட்கிற ஒரு ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தால், கதை எப்போது வந்தால் என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்தில் அழகியநாயகி அம்மாள். கொஞ்சமே படித்தவர். முதுமையில் தன் வாழ்க்கையை எழுதினார், 'கவலை' என்று புத்தகமானது. அவர் வீட்டில் எழுத்தாளர் பொன்னீலன் மகனாக இருந்தார். ஆனால் அந்தப் புத்தகத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறோம் பாருங்கள். பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் மையம்தான் வெளியிட்டது, அவர்களுக்குக் கோடி புண்ணியம். இலக்கியக் கூட்டங்களில் அதன் பேர் வந்தால் உடனே "அருமையான ஆவணம்" என்கிறார்கள். நீங்கள் எழுதினால் படைப்பு, எங்கள் பெரியம்மாக்கள் எழுதினால் ஆவணம். எழுதும் வயசுக்கும் இதில் பங்குண்டு, பெண் என்பதற்கும் பங்குண்டு, படிப்புக்கும் பங்குண்டு. அதை வேறொரு நாள் பிரித்துக் கணக்குப் பார்ப்போம்.

நமக்கு இளமையில் சாகிற எழுத்தாளர்கள் மேல் ஒரு மோகம். பாரதி நாற்பதைத் தொடவில்லை. புதுமைப்பித்தனுக்கும் கு.ப.ரா.வுக்கும் நாற்பத்திரண்டு. இந்தச் சாவுகளைப் பார்த்துப் பார்த்து மேதை என்றால் சீக்கிரம் எரிந்து அணைய வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டோம். அவர்கள் வறுமையில், நோயில், மருந்துக்குக் காசில்லாமல் போனார்கள். அது இலக்கியக் கொள்கை இல்லை, அவலம். லண்டனில் பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டு என்று ஒரு அம்மாள். மூன்று பிள்ளைகள், பணக் கஷ்டம், பள்ளிக்கூட டீச்சர் வேலை, குடியிருந்த படகு வீடே தேம்ஸ் நதியில் மூழ்கிப்போனது. முதல் நாவல் 1977-இல், அறுபது வயதில். இரண்டு வருடத்தில் புக்கர் பரிசு, அந்தப் படகு வாழ்க்கையை வைத்தே எழுதிய நாவலுக்கு.

சாகித்ய அகாதெமி 2011-லிருந்து 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் கொடுக்கிறது. கொடுக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு முதியோர் புரஸ்கார் வேண்டுமென்று யாராவது கிளம்பினால் அவர்கள் வீட்டு வாசலில் முதலில் உண்ணாவிரதம் இருப்பது நானாகத்தான் இருக்கும். ரயிலில் கீழ் பெர்த் கொடுங்கள், கும்பிட்டு வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலிக்கிறது. (கட்டணச் சலுகையை 2020-லேயே நிறுத்திவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.) கதையில் எனக்குக் கீழ் பெர்த் வேண்டாம்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரிட்டயர் ஆன கையோடு, சேர்த்து வைத்த பணத்தில் புத்தகம் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி வீடு வீடாகக் கொடுக்கிறீர்கள். அம்மா மண்டபத்தில் ஒருத்தர் என் கையில் அப்படி ஒரு தொகுப்பைத் திணித்துவிட்டு, "எல்லாம் அனுபவம் மேடம், கற்பனையே கிடையாது" என்று பெருமையாகச் சொன்னார். அதுதான் சார் அதன் கோளாறு. நாற்பது வருட சர்வீஸ் கதை ஆகாது, சர்வீஸ் ரெஜிஸ்டர்தான் ஆகும். ஒவ்வொரு கதையிலும் நேர்மையான ஓர் அதிகாரி, நன்றி கெட்ட ஒரு மருமகள், கடைசிப் பத்தியில் ஓர் அறிவுரை. "இந்தக் காலத்துப் பசங்க" என்று தொடங்கும் வாக்கியத்தை இனி எழுத மாட்டேன் என்று காவிரியில் முழுகிச் சத்தியம் செய்தால்தான் நமக்குப் பேனா என்று ஒரு விதி வந்தாலும் நல்லது. பொன்னாடைக்காரர்கள் நம்மைக் கெடுக்கிறார்கள் என்றால் நாமும் தோளைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறோம். அன்றைக்கு நானும் நின்றேன். போட்டோ இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். உறையூர்ப் பக்கம். இருபத்தைந்து இருக்கலாம். பேசவில்லை, கைதட்டவும் இல்லை. படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, "மேடம், கதையோட ஃபைல் அனுப்ப முடியுமா? ஒண்ணு ரெண்டு இடம் குறிக்கணும்" என்றான். அனுப்பினேன்.

கதை இதுதான். கணவன் சர்வீஸில் இறந்துபோக, கருணை அடிப்படையில் அதே அலுவலகத்தில், அதே பிரிவில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. அவன் மேஜையே அவளுக்கு வருகிறது. டிராயரில் அவன் அனுப்பாமல் விட்ட பி.எஃப். கடன் விண்ணப்பம் ஒன்று. காரணம் என்ற இடத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு பெண்ணின் மருத்துவச் செலவு. நான் எழுதிய முடிவில் அவள் அதை இரவு முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, அவனை மன்னித்து, விடியற்காலையில் கிழித்துக் கொள்ளிடத்தில் விடுகிறாள். அந்தப் பத்தியில் எனக்கு ரொம்பப் பெருமை. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடுவதைப் பற்றி மட்டும் ஆறு வரி.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பதினோரு இடத்தில் சிவப்பு. கடைசிப் பத்தி முழுக்கக் கோடு. பக்கத்தில் எழுதியிருந்தான்: "கணக்குப் பிரிவுல இருக்கிறவங்க பேப்பரைக் கிழிப்பாங்களா மேடம்? ஃபைல்லதான் போடுவாங்க."

இரண்டு நாள் அவனோடு மனசுக்குள் சண்டை போட்டேன். நேத்துப் பையன், உனக்கு என்ன தெரியும், முப்பத்திநாலு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான் என்று. மூன்றாம் நாள் காலையில் ஃபில்டரில் டிக்காஷன் இறங்கிக்கொண்டிருந்தபோது சட்டென்று விளங்கியது. முப்பத்திநாலு வருடத்தில் நான் ஒரு காகிதத்தையும் கிழித்ததில்லை. காலாவதியான ரசீதைக்கூட. எனக்கு அத்தனை நிச்சயமாகத் தெரிந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லியிருக்கிறேன், அழகாக இருக்கும் என்று. அந்த அறையில் பொன்னாடை போர்த்திய நாலு பேருக்கும் அது தெரியவில்லை. என் வயதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளிடத்தை வெட்டினேன். இப்போது அவள் அந்த விண்ணப்பத்துக்கு வரிசை எண் போட்டு, துளையிட்டு, டேக் மாட்டி, கணவனின் பெர்சனல் ஃபைலில் சேர்க்கிறாள். கதை அங்கே முடிகிறது. ஆறு வரி தண்ணீரை விட அந்தத் துளை போடுகிற சத்தம் பயமாக இருக்கிறது.

நன்றி சொல்லப் போன் செய்தேன். "சரி மேடம்" என்றான். நான் எப்படி இருக்கிறேன் என்றோ, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றோ கேட்கவில்லை. "அடுத்தது இருக்கா?" என்றான்.

அம்மாவின் பால் கணக்கை வைத்து ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன், போன வாரம் அனுப்பினேன். அதற்கும் பதில் வந்துவிட்டது. காலண்டர் வரிகள் எல்லாம் இருக்கட்டுமாம், நடுவில் நான் எழுதிச் சேர்த்த விளக்கம் முழுக்க எடுத்துவிட வேண்டுமாம். நாலாம் பக்கத்தில் சோம்பேறித்தனம் தெரிகிறதாம். பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று நாலாம் பக்கத்தைத்தான் சொல்கிறான். அவன் கண்ணில் படாத ஒன்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.